முதுமையும் உயர் இரத்த அழுத்தமும்: தமனிகளில் நிகழ்வது என்ன?

திருத்தணி முருகன் கோயிலுக்குச் செல்லும் 365 படிகளை இளமையில் எளிதாக ஏறியவர்கள், அறுபது வயதுக்குப் பின் மூச்சு வாங்கும்போது அதை முதுமையின் இயல்பு என்றே கருதுகின்றனர். முதுமை மட்டுமே காரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. கட்டுப்படுத்தப்படாத உயர் இரத்த அழுத்தமும் காரணமாக இருக்கலாம்.

தமனிகள் ஏன் விறைக்கின்றன?

இதயத்திலிருந்து இரத்தத்தை உடலெங்கும் எடுத்துச் செல்லும் குழாய்கள் தமனிகள் ஆகும். பெரிய தமனிகளின் சுவரில் எலாஸ்டின் என்னும் மீள்தன்மையுள்ள இழைகள் உள்ளன. ஒவ்வொரு துடிப்பின்போதும் தமனி விரிந்து, மீண்டும் சுருங்குகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இவ்வாறு நிகழ்வதால், காலப்போக்கில் அவ்விழைகள் நைந்து முறிகின்றன. கொலாஜன் என்னும் விறைப்பான இழைகள் மிகுந்து, தமனி இறுகுகிறது. உயர் இரத்த அழுத்தம் இம்மாற்றத்தை விரைவுபடுத்துகிறது; இறுகிய தமனி இரத்த அழுத்தத்தை மேலும் உயர்த்துகிறது.

இரண்டு எண்களையும் கவனியுங்கள்

இறுகிய தமனி போதிய அளவு விரியாததால், இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தமாகிய மேல் எண் உயர்கிறது. இதயம் தளரும்போதுள்ள அழுத்தமாகிய கீழ் எண் முதுமையில் குறையவும் கூடும். எனவே 160/75 என்ற அளவில், கீழ் எண் சரியாக உள்ளது என்று எண்ணிச் சிகிச்சையைத் தவிர்க்காதீர்கள். வெவ்வேறு நாள்களில் அளக்கும்போது மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, அல்லது அவற்றுக்கு மேல் இருந்தால் மருத்துவரை அணுகுங்கள்.

விளைவுகள்

பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. ஆயினும் இதயச் சுவர் தடிக்கிறது. மூளை, சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றின் நுண்ணிய நாளங்கள் சேதமடைகின்றன. பக்கவாதமும் மாரடைப்பும் ஏற்படலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• உடல்நலம் சீராக இருப்பதாகத் தோன்றினாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அழுத்தம் சீராக இருப்பது மாத்திரையின் பயனாகவே இருக்கலாம்.
• நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இதில் அடங்கும்.
• புகையிலையை அறவே தவிருங்கள்.
• 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இரத்த அழுத்த மாத்திரைகள் இல்லத்திலேயே வழங்கப்படுகின்றன. முதியவரைப் பராமரிப்போர் இதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.
• படியேறும்போது நெஞ்சு வலியோ கடும் மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே அமர்ந்து, 108-ஐ அழையுங்கள். இதய நோயுள்ளோர் மலைப்பாதையில் வாகனத்தில் செல்வதே நன்று.

இறுகிய தமனியை மீண்டும் இளமையாக்க இயலாது. ஆனால் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால், எந்த வயதிலும் பக்கவாதத்தின் அபாயத்தைக் குறைக்க இயலும்.