டெல்டாவிலும் ஒரு ‘வெஸ்டர்ன்’ நடந்தது... தெரியுமா?

குதிரை, தொப்பி, துப்பாக்கி, கடைசியில் ஜெயிக்கும் நாயகன்! கௌபாய் படம் என்றால் இதுதானே? அந்தக் கனவைக் கிழித்துப்போட்ட படங்களும் உண்டு. அவை காட்டும் கொடுமை, கூத்தாநல்லூரில் பஸ் ஏறித் திருவாரூர் தாண்டினால் எட்டிவிடும் ஊரில் நிஜமாகவே நடந்தது!

★ செர்ஜியோ லியோனியின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்’ இத்தாலியில் வெளியானது 1968 டிசம்பரில். ரயில் வரப்போகும் நிலத்துக்காக ஒரு குடும்பத்தையே சுட்டுத் தள்ளுகிறார்கள். சின்னப் பையனையும் விடவில்லை. சுடுபவர் யார் தெரியுமா? நல்லவர் வேடங்களுக்கே பேர்போன ஹென்றி ஃபோண்டா!

★ அதே டிசம்பர், 25-ஆம் தேதி இரவு. அன்றைய கிழக்குத் தஞ்சையின் கீழ்வெண்மணி. பண்ணையாரின் அடியாட்களுக்குப் பயந்து ராமய்யாவின் குடிசைக்குள் ஒண்டிக்கொண்டார்கள் கூலித் தொழிலாளர்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் கருகினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அவர்கள் கூடுதலாகக் கேட்டது என்ன? அரைப்படி நெல்!

★ இந்த வழக்கில், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவரான பண்ணையார் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கு 1970-ல் கீழ்க்கோர்ட்டு விதித்தது பத்தாண்டு சிறை. உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1980-ல் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பழி தீர்ந்தது என்று கைதட்ட முடியுமா? 44 பேரில் ஒரு குழந்தையாவது திரும்பி வந்ததா?

★ இதே கேள்வியைத்தான் கிளின்ட் ஈஸ்ட்வுட் 1992-ல் ‘அன்ஃபர்கிவன்’ படத்தில் கேட்டார். கொலை வீரமல்ல, கொன்றவனையும் அரிக்கும் சுமை என்று காட்டிய அந்தப் படத்துக்கு 4 ஆஸ்கர்!

★ வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. அந்த நாவல்தான் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ படமானது. இயக்குநர் ஸ்ரீதர் ராஜனுக்கு முதல் படத்திலேயே தேசிய விருது!

★ அரிவாள் தராத பதிலைத் தந்தவர்கள் யார் தெரியுமா? கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி! வெண்மணிச் செய்தி கேட்டு இங்கே வந்தார்கள். 1981-ல் ‘லாஃப்டி’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். மிராசுதாரர்களிடம் பேசி நிலம் வாங்கி, நிலமில்லாத தலித் பெண்கள் பெயரிலேயே பட்டா போட்டுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர்!

வெண்மணியில் நினைவிடம் இருக்கிறது. டிசம்பர் 25-ல் ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள். நம் பிள்ளைகளையும் கூட்டிப்போவோம். நெற்களஞ்சியம் என்று பெருமை பேசும் மண்ணின் முழுக்கதையும் அவர்களுக்குத் தெரியட்டும்!