முன்கணிப்புச் சந்தைத் தரவுக் கருவி

முன்கணிப்புச் சந்தைத் தரவுக் கருவி என்பது, செயற்கை நுண்ணறிவு முகவர்கள் முன்கணிப்புச் சந்தைகளின் விலைகளைத் தாமே தேடி எடுக்க உதவும் மென்பொருள் ஆகும். முகவர் என்பது கேள்விக்குப் பதில் எழுதுவதோடு நில்லாமல், வேண்டிய தகவலை வெளியிலிருந்து எடுத்துவந்து வேலையை முடிக்கும் நிரல். மொழி மாதிரிக்குத் தன் பயிற்சிக்குப் பின் நடந்தவை தெரியா. அந்தக் குறையை இத்தகைய கருவிகள் நிரப்புகின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. என்னும் நெறிமுறை, எந்தக் கருவியையும் முகவருடன் ஒரே முறையில் இணைக்க வழிசெய்தது.

சந்தையும் விலையும்

முன்கணிப்புச் சந்தையில் விற்கப்படுவது சரக்கு அன்று. "நடக்குமா, நடக்காதா" என்னும் கேள்விக்கான பங்கு. நடந்தால் பங்குக்கு ஒரு டாலர், நடக்காவிட்டால் ஒன்றுமில்லை. பங்கு 62 சென்டுக்கு விற்றால், வாங்கி விற்போர் அதற்கு ஏறத்தாழ 62 விழுக்காடு வாய்ப்பு தருகிறார்கள் என்று கொள்ளலாம். 1988இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் குடியரசுத் தலைவர் தேர்தலை ஒட்டி ஆய்வுக்காக இப்படியொரு சந்தையை நடத்தியது. இன்று பெரியவை 2020இல் தொடங்கிய பாலிமார்க்கெட்டும், அமெரிக்க அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட கால்ஷியும்.

வாயிதா வணிகம் இதற்கு நெருங்கிய உறவு. கொச்சியில் 1957 முதல் மிளகுக்கு வாயிதாச் சந்தை இருந்தது. வாயிதா விலை "எவ்வளவு" என்பதைச் சொல்லும். முன்கணிப்புச் சந்தை "உண்டா, இல்லையா" என்பதை மட்டுமே சொல்லும்.

கொல்லிமலை மிளகு: ஓர் எடுத்துக்காட்டு

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியைப் படரவிடுகிறார்கள், அடியில் காப்பி. பறித்துக் காயவைத்த மிளகு கெடாது என்பதால், உடனே விற்பதா, மூட்டையை வீட்டில் வைத்திருப்பதா என்பது ஆண்டுதோறும் எழும் கேள்வி. பள்ளிக் கட்டணமோ கடனோ நெருக்கினால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

செம்மேட்டில் ஒருவர் தம் கைபேசியில் உள்ள முகவரிடம் "மிளகு விலை ஏறுமா?" என்று கேட்பதாகக் கொள்வோம். தேர்தல், வட்டி விகிதம், விளையாட்டு, மறைநாணயம் ஆகியவையே இச்சந்தைகளில் மிகுதி. கொல்லிமலை மிளகைப் பற்றிக் கேள்வி வைப்பார் எவரும் இலர். தேடும் கருவி எதையாவது தந்தாக வேண்டும் என்று அமைக்கப்பட்டிருந்தால், "இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி குறையுமா?" போன்ற அண்டைக் கேள்வியின் 62ஐ எடுத்து நீட்டும். முகவர் அதைச் சுருக்கி, "விலை ஏற 62 விழுக்காடு வாய்ப்பு" என்று சொல்லிவிடக்கூடும். எண் சரியானதுதான், கேள்விதான் வேறு. நட்டம் மூட்டையை வைத்திருந்தவருக்கு.

கருவி தர வேண்டியவை

ஆகவே நல்ல கருவி விலையை மட்டும் அனுப்பாது. கேள்வியின் முழு வாசகம், முடிவு செய்யும் விதி, முடியும் நாள், இதுவரை கைமாறிய தொகை, விலை எடுக்கப்பட்ட நேரம் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பும். விதி ஏன் வேண்டும் என்பதற்கு 2025இல் ஒரு வழக்கே நடந்தது போலாயிற்று. உக்ரைன் அதிபர் செலென்ஸ்கி ஜூலைக்கு முன் கோட்டு சூட்டு அணிவாரா என்று பாலிமார்க்கெட்டில் கேட்கப்பட்டது. ஜூன் மாத நேட்டோ மாநாட்டுக்கு அவர் வந்த உடையைப் பல செய்தி நிறுவனங்கள் சூட்டு என்றே எழுதின. நீண்ட தகராறுக்குப் பின் "இல்லை" என்றே முடிவாயிற்று.

காட்டப்படும் விலையும் எப்போதும் உண்மையில் விற்ற விலை அன்று. வாங்கக் கேட்கும் விலைக்கும் விற்கச் சொல்லும் விலைக்கும் நடுப்புள்ளியையே பாலிமார்க்கெட் காட்டுகிறது. இடைவெளி 10 சென்டைத் தாண்டினால் மட்டும் கடைசியாக விற்ற விலை. ஆள் நடமாட்டம் இல்லாத கேள்வியில் ஒருவரே பணத்தைப் போட்டு இந்த எண்ணை நகர்த்திவிடலாம். தொகையைக் காட்டாத கருவியில் இது தெரியவே தெரியாது.

சட்டம்

விலையைப் படிப்பது வேறு, பணம் கட்டுவது வேறு. சில கருவிகள் இரண்டையும் ஒன்றாகத் தருகின்றன. "கருத்து வணிகம்" என்ற பெயரில் நடந்த தளங்கள் தன் ஒழுங்குமுறைக்குள் வாரா என்று செபி 2025 ஏப்ரலில் எச்சரித்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியதும் புரோபோ அந்த வணிகத்தை நிறுத்தியது. எனவே இந்தியப் பயனர்களுக்கான கருவி படிக்க மட்டும் உரியதாக இருத்தல் நலம்.

மிளகு விலைக்கு முகவர் பார்க்க வேண்டியது நறுமணப் பொருள் வாரியம் வெளியிடும் விலையையும் அரசின் அக்மார்க்நெட் தளத்தையும். அங்கும் சலித்துத் தரம் பிரித்த மிளகுக்கு ஒரு விலை, சலிக்காததற்கு வேறு விலை. மலையில் மூட்டையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.