கடலூருக்குக் கிழக்கே ஒரு பள்ளத்தாக்கு

கடலூரிலிருந்து நேர் கிழக்கே போனால் கொஞ்ச தூரத்துக்குக் கடலடி மெல்லச் சரிந்துகொண்டே போகும். பிறகு அந்தக் கடலடி மேடை முடிந்து, ஆழம் சட்டென்று இறங்கும். அந்தச் சரிவை அறுத்துக்கொண்டு பாலாறு, புதுச்சேரி, கடலூர் என்று கரையின் பெயர்களையே தாங்கிய பள்ளத்தாக்குகள் ஆழ்கடலுக்கு ஓடுகின்றன. சோழமண்டலக் கரையின் கடலடிப் பள்ளத்தாக்குகளைப் பற்றி வரதாச்சாரி, நாயர், மூர்த்தி மூவரும் 1968-இல் எழுதினார்கள். ஒலியால் ஆழம் அளக்கும் அந்தக் காலத்து எக்கோ சவுண்டர் காகிதச் சுருளில் ஒரே ஒரு கோடுதான் கிழிக்கும். கப்பல் போன தடத்துக்கு இருபுறமும் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

இன்றைய மல்டிபீம் சோனார் நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை விசிறியாக விரிக்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 3,000 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப 4 நொடி. திரும்பி வரும் நேரத்தில் ஆழம் தெரியும்; எதிரொலியின் வலுவில் தரையின் குணம் தெரியும். சாய்வாக விழும் ஒலியைப் பாறையும் சரளையும் திருப்பி அனுப்பும். வழவழப்பான சேறு பெரும்பகுதியை விழுங்கிவிடும். இந்த எதிரொலிகளைக் கணினியின் நரம்பு வலைப்பின்னலால் ரகம் பிரிக்கும் ஆய்வுகளை, கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் பிஸ்வஜித் சக்கரவர்த்தி மேற்குக் கரைக் கடலில் செய்திருக்கிறார்.

ஆனால் ஒலி ஏமாற்றவும் செய்யும். சேற்றுக்குள் வாயுக்குமிழ் இருந்தாலோ, மேலே சிப்பி ஓடு கிடந்தாலோ, மென்தரையும் கடினத்தரையாகக் காட்டும். அதனால் கம்பியில் கிராப் இறக்க வேண்டும். தரை தட்டியதும் இரண்டு இரும்புத் தாடைகள் மூடிக்கொண்டு மண்ணை அள்ளி வரும். அதைக் காயவைத்து, சல்லடையில் சலித்து, மணல் எவ்வளவு, வண்டல் எவ்வளவு என்று எடை போட்ட பிறகே வரைபடத்தில் நிறம் தீட்டலாம்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. புழுவும் சிப்பியும் தரையைப் பார்த்துத்தான் குடியேறுகின்றன. சோனார் வரைபடம் கிடைத்தால் அங்கே உடனே பயன்படும். பார் என்னும் பாறைத்தரை எங்கே, சேறு எங்கே என்று வலை கிழிந்து கற்ற மீனவர்களையும் கேட்காமல் அந்த வரைபடம் முழுமையாகாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலடி வரைபடத்தை ஆராய்ச்சியாளர்களின் விஷயம் என்று ஒதுக்க முடியாது. சுனாமியின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. எந்த ஊரில் எவ்வளவு உயரம் ஏறும் என்று கணிக்க, கரையை ஒட்டிய ஆழம் துல்லியமாகத் தெரிய வேண்டும். சிக்கலும் அங்கேதான். சோனாரின் வீச்சு ஆழத்தைப்போலச் சில மடங்குதான். 10 மீட்டர் ஆழத்தில் ஓர் ஓட்டத்துக்கு 40 மீட்டர் அகலம் கிடைத்தாலே அதிகம். பெரிய ஆய்வுக் கப்பல் அங்கே வராது. உள்ளூர் ஓட்டுநரை வைத்துச் சிறு படகில், தடம் தடமாக அளக்க வேண்டும். கடலூரின் தேவனாம்பட்டினத்துக்கும் சிதம்பரம் பக்கத்துக் கிள்ளைக்கும் இடையிலிருந்து தொடங்கலாம்.