தோரியம் செய்த ரசவாதம்

ராஜபாளையத்துக்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தேவதானம். ஊர்க் கோயிலின் சுவாமிக்கு நச்சாடை தவிர்த்தருளியவர் என்று பெயர். சோழன் நஞ்சு தோய்த்து அனுப்பிய ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்தவர் என்பது தலக்கதை. அதே மலைத்தொடரில் வடக்கே போனால், வத்திராயிருப்புக்கு மேலே சதுரகிரி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறை வழியாக மலையேறுகிறவர்களில் பலருக்குத் தைலக் கிணற்றின் கதை தெரியும். சிவன் கோயில் கட்டப் பணம் போதாமல் தவித்த வணிகன் ஒருவனுக்காகச் சித்தர் காலாங்கிநாதர் உலோகத்தைப் பொன்னாக்கும் தைலம் காய்ச்சினாராம். மிஞ்சியதைக் கிணற்றில் ஊற்றிப் பாறையால் மூடி, காவல் தெய்வங்களை நிறுத்திவிட்டுப் போனாராம்.

இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ரசவாதிகள் கைகட்டிக் கனவு கண்டுகொண்டிருந்தவர்கள் அல்லர். வாலையில் வடித்தார்கள், புடம் போட்டார்கள், உலோகங்களைப் பற்பமாகவும் செந்தூரமாகவும் மாற்றினார்கள். பாதரசத்தையும் கந்தகத்தையும் அரைத்துச் சூடேற்றி, சிவந்த சேர்மம் ஒன்றை எடுக்கும் முறை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அது இன்றைய பாடப்புத்தகத்திலும் உள்ள மெர்க்குரி சல்பைடு. வங்க வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் இந்திய ரசவாத ஏடுகளைத் தேடிப் படித்து, 1902-இல் இந்திய வேதியியல் வரலாற்றின் முதல் தொகுதியை வெளியிட்டார். மந்திரமும் மருந்தும் கலந்து கிடந்த அந்த ஏடுகளை, ஆய்வுக்கூடக் குறிப்புகளுக்குரிய மரியாதையோடு அவர் வாசித்தார்.

அப்படியிருந்தும் தங்கம் ஏன் வரவில்லை? பாதரச அணுவின் கருவில் 80 புரோட்டான்கள் உண்டு. தங்கத்தில் 79. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். அத்தனை சரக்குகளிலும் ரசத்தையே பிடித்துத் தொங்கியவர்கள் இலக்குக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். ஆனால் எந்த அடுப்பின் சூடும் அணுவின் வெளிப்புறத்தில் உள்ள எலெக்ட்ரான்களோடு நின்றுவிடும். கருவை அசைக்க அதைப் போலப் பல லட்சம் மடங்கு ஆற்றல் வேண்டும். ஆயிரம் புடம் போட்டாலும் அந்தக் கதவு திறக்காது.

ஐரோப்பாவிலும் கதை இதேதான். தனிமங்கள் மாறாதவை என்று 19-ஆம் நூற்றாண்டு வேதியியல் உறுதியாகச் சொன்ன பிறகு, ரசவாதம் மறைஞானச் சங்கங்களுக்குள் ஒதுங்கியது. 1901-இல் கனடாவின் மான்ட்ரியலில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டும் ஃபிரடெரிக் சாடியும் தோரியத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான் அந்த உறுதி உடைந்தது. தோரியத்திலிருந்து கதிரியக்கம் மிகுந்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்து வைத்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது, பிரித்த பொருள் வீரியம் இழந்திருந்தது. தோரியமோ இழந்த வீரியத்தைத் திரும்பப் பெற்றிருந்தது. ஒரு தனிமம் தானாகவே இன்னொன்றாக மாறிக்கொண்டிருந்தது. இது ரசவாதிகள் சொன்ன உலோக மாற்றமேதான் என்று சாடி பரவசப்பட, அந்தச் சொல்லை எடுக்காதே, நம்மை ரசவாதிகள் என்று சொல்லித் தலையைச் சீவிவிடுவார்கள் என்று ரூதர்ஃபோர்ட் தடுத்ததாகச் சாடியே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சாடி ரசவாத வரலாற்றில் ஆர்வம் உள்ளவர். ரூதர்ஃபோர்டின் அச்சமும் காலப்போக்கில் தணிந்தது. 1937-இல் வெளிவந்த தன் கடைசி நூலுக்கு அவரே ‘புதிய ரசவாதம்’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார்.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. பெரிய ஆலமரத்துக்குப் பெயர்பெற்ற அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 முதல் இயங்குகிறது. சபையின் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் 1895-இல் லண்டனில் இருந்தபோது ஒரு காரியம் செய்தார்கள். யோகத்தால் கைகூடும் எட்டுச் சித்திகளில் முதலாவதான அணிமாவைப் போன்ற ஒரு பார்வையால் அணுக்களின் உட்புறத்தைக் கண்டதாக அறிவித்தார்கள். ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஹைட்ரஜனுக்குள் 18 நுண்துகள்கள், நைட்ரஜனில் 261, ஆக்சிஜனில் 290 என்று எண்ணிச் சொன்னார்கள், படமும் வரைந்தார்கள். 1907-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே பல தனிமங்களைப் ‘பார்த்து’ முடித்ததும், 1908-இல் ‘அக்கல்ட் கெமிஸ்ட்ரி’ என்ற நூலாக அவை வந்தன. இலங்கையில் பிறந்த ஜினராஜதாசா இந்தப் பணியில் கூடவே இருந்தவர். 1951-இல் அடையாற்றில் வெளியான விரிவான பதிப்புக்கு அவரும் ஒரு தொகுப்பாசிரியர்.

அவர்கள் அறிவியலுக்கு வெளியே நின்று கூச்சலிட்ட கூட்டம் அல்லர். தாலியம் என்ற தனிமத்தைக் கண்டறிந்த வில்லியம் க்ரூக்ஸ் இதே சபையில் உறுப்பினராக இருந்தவர். எல்லாத் தனிமங்களும் ஒரே மூலப்பொருளிலிருந்து தோன்றின என்று 1886-இல் அறிவியல் மாநாட்டில் பேசியவர். தனிமங்களை எட்டு வடிவச் சுருளில் அடுக்கிய அவருடைய வரைபடத்தையே அடையாற்று நூலும் எடுத்துக்கொண்டது.

வியப்பான பகுதி இனிமேல்தான் வருகிறது. 1907-ஆம் ஆண்டுப் பட்டியலில் நியானுக்கு ஓர் இரட்டைச் சகோதரன் இருந்தது. அதற்கு ‘மெட்டா நியான்’ என்று பெயர், 402 துகள்கள், ஹைட்ரஜனின் 18-ஆல் வகுத்தால் எடை 22.33. கேம்பிரிட்ஜில் தாம்சன் நியான் வாயுவைச் சோதித்தபோது 20 என்ற எடையோடு 22 என்ற இடத்திலும் ஒரு கோடு விழுந்தது. அவருடைய உதவியாளர் பிரான்சிஸ் ஆஸ்டன் அந்த இரண்டாவது வகைக்கு அடையாற்று நூலிலிருந்தே பெயர் எடுத்தார். 1913-இல் பர்மிங்ஹாமில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்துக்கான கட்டுரையில் அந்த மூலத்தையும் குறிப்பிட்டார். பிந்தைய எழுத்துகளில் அந்தக் குறிப்பு காணாமல் போயிற்று. அது புதுத் தனிமம் அல்ல, நியானின் ஐசோடோப்பு என்பது பிறகு தெளிவானது. ஐசோடோப் ஆய்வுக்காக ஆஸ்டனுக்கு 1922-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் ஞானக்கண் வென்றதா? இல்லை. நைட்ரஜனின் 261-ஐ 18-ஆல் வகுத்தால் 14.5 வரும். வேதியியலாளர்கள் ஏற்கெனவே அளந்து வைத்திருந்த எடை 14. ஆக்சிஜனுக்கு 16.11 வரும், அளந்தது 16. அச்சிட்ட அட்டவணையில் இருந்த எண்களையே இந்தக் கணக்குகள் பின்தொடர்ந்தன. 1911-இல் ரூதர்ஃபோர்ட் காட்டிய சிறிய கருவோ, அதற்கு வெளியே பரந்த வெற்றிடமோ அந்தப் படங்களில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெசன்ட் கண்டதை வேறொருவர் தனியே கண்டு சரிபார்க்க வழியே கிடையாது. ஆஸ்டன் கருவி செய்தார். அந்தக் கருவியை யாரும் செய்துகொள்ளலாம், அதே கோட்டை யாரும் பார்க்கலாம். பெயர் அடையாற்றுடையது, கண்டுபிடிப்பு கேம்பிரிட்ஜினுடையது. பெயர் வந்த இடத்தை முதலில் மறைக்காமல் எழுதிய ஆஸ்டனின் நேர்மை பாராட்டத்தக்கது. பிற்பாடு அதை விட்டுவிட்டது நம் அறிவியல் வரலாற்றுக்கு ஓர் இழப்பு.

தங்கமும் ஒருவழியாக வந்தது. 1941-இல் ஹார்வர்டில் பாதரசத்தின் மீது நியூட்ரான்களைச் செலுத்திக் கதிரியக்கத் தங்கம் செய்தார்கள். அது சில நாட்களிலேயே சிதைந்துவிடும் வகை. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் ஈயக் கருக்கள் ஒன்றையொன்று உரசிச் செல்லும்போது மூன்று புரோட்டான்களை இழந்து தங்கமாவதை 2025-இல் அறிவித்தார்கள். 2015 முதல் 2018 வரை அங்கே உண்டான தங்கத்தின் மொத்த எடை 29 பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் 29 பங்கு. அதுவும் உண்டான கணமே சிதறிப்போயிற்று.

தமிழ்நாட்டோடு தொடர்புள்ள தனிம மாற்றம் தங்கத்தைத் தொடவில்லை. அதன் மூலச்சரக்கு தேவதானத்துக்குத் தெற்கே, குமரி மாவட்டக் கடற்கரை மணலில் கிடக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிப் பகுதியில் மோனசைட் இருப்பதை அறிந்தார். மோனசைட்டுக்குள் தோரியம் உண்டு. அன்று கேஸ் விளக்கின் மாண்டிலுக்கு அது தேவைப்பட்டது. ரூதர்ஃபோர்டையும் சாடியையும் திகைக்கவைத்த அதே தனிமம்.

அணு உலைக்குள் ஒரு தோரியக் கரு ஒரு நியூட்ரானை விழுங்கினால், 22 நிமிட அரை ஆயுள் கொண்ட தோரியம்-233 ஆகிறது. பிறகு 27 நாள் அரை ஆயுள் கொண்ட புரோட்டாக்டினியம் ஆகி, கடைசியில் யுரேனியம்-233 ஆக நிலைக்கிறது. இயற்கையில் வெட்டி எடுக்க முடியாத எரிபொருள் அது. கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய காமினி உலை அந்த யுரேனியத்தில்தான் ஓடுகிறது. அதன் திறன் 30 கிலோவாட். மின்சாரம் எடுக்கும் உலை அல்ல. அதிலிருந்து வரும் நியூட்ரான் கற்றையால், கதிர்வீச்சுக்கு ஆளான எரிபொருள் கோல்களையும் இஸ்ரோ ராக்கெட்டுகளில் பொருத்தும் சிறு வெடிச் சாதனங்களையும், அவற்றைப் பிரிக்காமலேயே உள்ளே படம்பிடித்துச் சோதிக்கிறார்கள்.