"ஏழெட்டு வருஷம் இருக்கும் டாக்டர்"

இரவு பதினோரு மணி. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி. ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போதே டியூட்டி டாக்டர் கேட்டார், "சுகர் எத்தனை வருஷமா?" சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "அது இருக்கும் டாக்டர், ஏழெட்டு வருஷம்." உண்மையில் சுகர் என்று தெரிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் அந்த நேரத்தில் யார் காலண்டரைப் பார்த்துப் பேசுவார்கள்? டாக்டர் கேஸ் ஷீட்டில் எட்டு என்று எழுதிக்கொண்டார்.

ஸ்டென்ட் வைத்து ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்று இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினார். பாலிசிக்கு நாலு வயது, சுகருக்கு எட்டு வயது. ஆகவே முன்பே இருந்த நோயை மறைத்திருக்கிறீர்கள், கேஷ்லெஸ் கிடையாது. நகையை வைத்துப் பணம் கட்டினோம்.

அதைவிட வலித்தது வீட்டில் நடந்தது. ஆப்பிள் பையோடு பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். "ஃபாரத்துல ஒழுங்கா எழுதியிருக்கணும்ல?" "அப்பவே சொன்னேன், அல்வாவைப் பார்த்தா விடமாட்டேங்கறீங்களேன்னு." நிறுவனம் சொன்னது ஒரு குற்றச்சாட்டு. அதைத் தீர்ப்பாக்கியது நாங்கள்தான். சித்தப்பாவும் நம்ப ஆரம்பித்துவிட்டார். "விடுங்கப்பா, தப்பு நம்ம மேலதான்" என்றார். கிளெய்ம் மறுக்கப்பட்ட பல வீடுகளில் கதை இந்த வாக்கியத்தோடு முடிந்துபோகிறது.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு எல்லாவற்றுக்கும் 'வாழ்க்கைமுறை நோய்' என்று பெயர் வைத்தாயிற்று. பரம்பரை, இரவு ஷிப்ட், ரேஷன் அரிசியை மட்டும் நம்பிய சாப்பாடு எதுவும் அந்தப் பெயருக்குள் வராது. நோயாளி ஏதோ தேர்ந்தெடுத்து வாங்கிவந்த மாதிரி ஒரு தொனி. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. 2017-ல் அமெரிக்காவில் ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் கலைக்க முயன்றபோது, அலபாமா மாநில எம்.பி. மோ புரூக்ஸ், ஒழுங்காக வாழ்ந்து உடம்பைப் பேணியவர்களுக்குச் செலவு குறைய வேண்டும் என்று வாதாடினார். அதே ஆண்டு மே மாதம் அதிபரின் பட்ஜெட் இயக்குநர் மிக் முல்வேனி, வீட்டில் உட்கார்ந்து கண்டதைத் தின்று சர்க்கரை நோய் வாங்கியவரை எல்லோரும் சேர்ந்து தாங்க வேண்டுமா என்கிற பொருளில் பேசினார். பத்து பேர் பணம் போட்டு ஒருவர் விழும்போது தூக்குவதற்குப் பெயர்தான் இன்சூரன்ஸ். விழுந்தவனிடம் ஏன் விழுந்தாய் என்று கேட்கத் தொடங்கினால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

இங்கே அரசியலில் சத்தம் எழுந்தது பிரீமியத்துக்கான 18 சதவீத ஜிஎஸ்டி பற்றி. தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி போய்விட்டது, நல்லதுதான். கட்டிய பிரீமியத்துக்குப் பணம் திரும்பி வருகிறதா என்ற கேள்விக்கு அந்த அளவு தொண்டை திறக்கவில்லை. 2023-24-ல் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளாமல் கழித்த தொகை சுமார் 15,100 கோடி ரூபாய். முற்றாக நிராகரித்தது இன்னொரு 10,900 கோடிக்கு மேல். ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் ஆண்டறிக்கைக் கணக்கு இது.

சரி, 'மறைத்தீர்கள்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எவ்வளவு பலம்? சொல்லப்படும் அளவுக்கு இல்லை. 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டறிந்த, அல்லது சிகிச்சை எடுத்த நோய்தான் 'முன்பே இருந்த நோய்'. அதற்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 36 மாதம். அதைவிட முக்கியம், பாலிசி இடைவிடாமல் 60 மாதம் ஓடிவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, மறைத்தீர்கள் என்று சொல்லி எந்தக் கிளெய்மையும் தள்ள முடியாது. முன்பு இது எட்டு வருஷமாக இருந்தது. காப்பீட்டுத் தொகையை நடுவில் உயர்த்தியிருந்தால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் அந்தத் தேதியிலிருந்து 60 மாதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நோயைச் சொல்லி எடுத்தால் பிரீமியம் கொஞ்சம் கூடலாம், மூன்று வருஷம் வரை காத்திருக்க வேண்டும். சொல்லாமல் எடுத்தால் ஐந்து வருஷம் வயிற்றில் நெருப்பு. "சுகர்னு போட்டா பாலிசி கிடைக்காது சார், நான் பார்த்துக்கறேன்" என்று எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' போடும் ஏஜென்ட், கிளெய்ம் சமயத்தில் போனை எடுக்க மாட்டார். கையெழுத்து உங்களுடையது. பாலிசி கைக்கு வந்ததும் கூடவே வரும் விண்ணப்ப நகலைப் படியுங்கள். தவறு இருந்தால் அன்றே எழுதித் திருத்தச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் பாலிசியையே திருப்பித் தரலாம்.

உண்மையைச் சொன்னவரை நீதிமன்றம் கைவிடவில்லை. 2009-ல் கல்யாணத்துக்காக அமெரிக்கா போன ஒருவருக்கு சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலேயே மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரை, கொழுப்பு விவரங்களை மறைத்தார் என்று இங்கே நிறுவனம் கைவிரித்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தே, மருத்துவப் பரிசோதனையும் நடந்த பிறகு பாலிசி கொடுத்துவிட்டு, அதையே காரணம் காட்டித் தள்ளக் கூடாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம். மறுபக்கமும் உண்டு. நீண்டகால மதுப்பழக்கத்தை மறைத்த ஒரு வழக்கில் 2025-ல் அதே நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. கேட்டதற்குப் பொய் சொன்னால் பரிவு கிடைக்காது.

மனநோய்க்குச் சிகிச்சை என்றதும் முகம் மாறும் டெஸ்க்குகள் இன்னும் இருக்கின்றன. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 2017-ன் மனநலச் சட்டம், பிரிவு 21. எச்ஐவி இருப்பதைக் காரணம் காட்டிக் காப்பீட்டில் நியாயமில்லாமல் நடத்துவதும் அதே வருஷச் சட்டப்படி தடை.

மருத்துவமனையில் இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டியவை சில. 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்தில். தாமதத்தால் கூடும் கட்டணம் நிறுவனத்தின் தலையில். நோயாளி இறந்துவிட்டால் கிளெய்மை உடனே முடித்து, உடலை மருத்துவமனையிலிருந்து உடனே விடுவிக்கச் செய்வதும் நிறுவனத்தின் கடமை. எந்தக் கிளெய்மையும் ஒரு தனி ஊழியர் நிராகரித்துவிட முடியாது. மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும், பாலிசியின் எந்த விதிப்படி என்று காரணமும் எழுத வேண்டும். கேஷ்லெஸ் இல்லை என்றால் கிளெய்மே இல்லை என்று அர்த்தமில்லை. பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கலாம்.

இனி கேஸ் ஷீட். "எத்தனை வருஷமா" என்று டாக்டர் கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டுக்கு வந்து பிரிக்காதீர்கள்; கவுன்ட்டரிலேயே நின்று படியுங்கள். வருஷம் தவறாக இருந்தால் பழைய பரிசோதனை முடிவைக் காட்டி, சிகிச்சை தந்த டாக்டரிடமே எழுத்தில் திருத்தம் வாங்குங்கள். நோயாளியோடு வந்தவர் பதற்றத்தில் சொன்ன ஒரு வரி மட்டும் மறைத்ததற்குச் சான்றாகாது என்று நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன.

சித்தப்பா விஷயத்தில் நடந்ததும் இதுதான். பாலிசி எடுத்த வருஷம் அவர் வேலை பார்த்த மில்லில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்திருந்தார்கள். பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள், எல்ஐசி ரசீதுகளுக்கு நடுவே அந்தத் தாள் கிடைத்தது. சர்க்கரை அளவு சரியாக இருந்தது. அதோடு டாக்டரின் திருத்தக் கடிதத்தையும் வைத்து முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். அங்கே அதே பதில். பிறகு இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலுக்கு அனுமதியே இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை எடுத்துக்கொள்வார்கள். நிறுவனம் மறுத்த பிறகோ, ஒரு மாதம் பதில் தராமல் இருந்த பிறகோதான் போக முடியும். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவகாசம் இரண்டு வருஷம். ஐஆர்டிஏஐ-யின் 155255 எண்ணிலும் புகார் பதியலாம். அது நிறுவனத்திடம் பதில் கேட்டு வாங்கும், தீர்ப்பு சொல்லாது.

சித்தப்பாவுக்குப் பணம் வந்தது. நகை திரும்பியது. அல்வா பற்றிப் பேசியவர்கள் யாரும் அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

ஓம்பட்ஸ்மேனிடம் போக, உங்கள் முறையீட்டை நிறுவனம் மறுத்த கடிதம் கிடைத்ததிலிருந்து ஒரு வருஷம்தான் அவகாசம். உங்கள் வீட்டு பீரோவில் அப்படி ஒரு கடிதம் கிடந்தால், இன்றே எடுத்து அதிலுள்ள தேதியைப் பாருங்கள்.