வீடு தேடி வரும் கணக்கு

நோயாளியின் நிலையை வைத்தியர் நாடி பிடித்து அறிகின்றார். ஒரு நாட்டு மக்களின் நாடியை அறிவது எவ்வாறு? வைத்தியசாலைப் பதிவேடுகள் போதாவோ என நேயர்கள் வினவலாம். அவற்றில் இடம்பெறுவோர் வைத்தியசாலைக்கு வந்தோர் மாத்திரமே. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய சந்தொன்றில், வயதுக்கேற்ற உயரமின்றி வளரும் குழந்தைக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. ஆதலால் அக்குழந்தை எந்தப் பதிவேட்டிலும் அகப்படாது போகலாம். அதனைக் காண்பதற்கு வீடு தேடிச் செல்லல் வேண்டும்.

இப்பணியையே இலங்கையில் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் குடிசன, சுகாதார அளவீடு என்னும் பெயரால் 1987ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்து வந்துள்ளது. குழந்தைகளின் நிறையும் உயரமும் அளக்கப்படுகின்றன. தாய்மாரிடம் மகப்பேறு, தடுப்பூசி, பாலூட்டல் பற்றி வினவப்படுகின்றது.

எல்லா வீடுகளுக்கும் செல்வதில்லை. 2016ஆம் ஆண்டில் தெரிவு செய்யப்பட்டவை 28,720 வீடுகளே. நாட்டிலோ ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள். சராசரியாக ஒரு வீடு ஏறக்குறைய 180 வீடுகளின் சார்பிற் பேசுகின்றது எனலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? ஆயினும், பானையின் எல்லாப் பகுதிக்கும் அகப்பை எட்டினாலன்றோ அப்பழமொழி பலிக்கும்!

எட்டாத காலமும் இருந்தது. 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளின் அளவீடுகள் போர்ச் சூழலால் வடக்கு, கிழக்கு மாகாணங்களை உள்ளடக்கவில்லை. 2006-07இல் கிழக்கு சேர்ந்தது, வடக்கு சேரவில்லை. இருபத்தைந்து மாவட்டங்களும் ஒருங்கே அளக்கப்பட்டது 2016இலேதான். அதுவரை நாட்டின் சராசரி எனப்பட்டது, யாழ்ப்பாணத்துக் குழந்தையையும் வன்னிக் குழந்தையையும் காணாத சராசரியே.

சராசரி தானும் ஒரு திரையாகிவிடுவதுண்டு. 2016இல், ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா மாவட்டத்திலோ நூற்றுக்கு 32 பேர். மாவட்டவாரியாகக் கணக்கிட்டதனாலன்றோ இவ்வேறுபாடு வெளிப்பட்டது! எங்கே சத்துணவு செல்ல வேண்டும், எங்கே மருத்துவ மாதர் அதிகம் வேண்டும் என்பதை இத்தகைய எண்களே சுட்டுகின்றன.

இனி நமது வாசலுக்கு வருவோம். வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளில், விபரம் கேட்டு ஒருவர் வந்தால் கதவு திறக்கத் தயங்குவோர் உளர். பொலிஸ் பதிவுகளின் காலத்தை அறிந்தவர்களுக்கு அத்தயக்கம் இயல்பானதே. ஆனால் அப்பதிவு ஆளைத் தேடியது. இவ்வளவீடு ஆளைத் தேடுவதன்று. தனிப்பட்டோர் விபரங்களை இரகசியமாகப் பேணுதல் சட்டத்தின் கடப்பாடு. வந்தவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். அது உங்கள் உரிமை. பின்னர் விடை கூறுங்கள். அஞ்சியோர் வீடுகளெல்லாம் மூடியிருப்பின், அஞ்சியோரின் குழந்தைகளே கணக்கிற் குறைவர். கணக்கிற் குறைந்தோர்க்குத் திட்டத்திலும் இடம் குறைந்துவிடும்.