பாலைவன ரோஜாவுக்குத் தண்ணீரே எமன்



அடி பருத்து, குட்டை ஆலமரம் மாதிரி தொட்டியில் நின்று சிவப்பும் ரோஸுமாகப் பூக்கிற அடினியம் செடியை நர்சரிகளில் பார்த்திருப்பீர்கள். ‘பாலைவன ரோஜா’ என்று விற்பார்கள். பெயர்தான் ரோஜா, ஆனால் இது அரளிக் குடும்பம். ‘ஆசையாக வாங்கினேன், ஐப்பசி மழையில் அழுகிப் போச்சு’ என்று சொல்கிறவர்கள் வலங்கைமான் பக்கம் நிறையப் பேர்.

இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்காவும் தென் அரேபியாவும். நாம் குதிரில் நெல்லைக் கொட்டி வைப்பதுபோல, அது பருத்த அடியில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நிறைந்த குதிரில் மேலும் தண்ணீர் நின்றால் வேரில் காற்றுப் புகாது, பூஞ்சாணம் ஏறி அழுகிவிடும்.

ஆகவே, வயல் களிமண்ணைத் தொட்டியில் போடாதீர்கள். பருமணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் துண்டு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு போதும். கருக்கின உமி கிடைத்தால் ஒரு கை சேருங்கள். தொட்டியடியில் ஓட்டை அவசியம். ஊற்றிய தண்ணீர் உடனே கீழே வடிய வேண்டும்.

நல்ல வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். நிழலில் வைத்தால் வளர்த்தியாகப் போகும், பூக்காது. கோடையில் மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வாரத்துக்குத் தூக்கிவிடுங்கள். மார்கழிப் பனியில் இலை கொட்டும். அது செடியின் ஓய்வு. ‘ஐயோ, வாடுதே’ என்று குடம் குடமாக ஊற்றுவதுதான் பல செடிகளின் முடிவு!

வாரம் ஒருதரம் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல்லு மாதிரி இருந்தால் நல்லது. அமுங்கினால் அன்றே பிடுங்கி, அழுகலைச் சுத்தமான கத்தியால் வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூளைத் தடவி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டு நடுங்கள். கொஞ்சநாள் தண்ணீர் காட்ட வேண்டாம்.

விதையில் வளர்ந்த செடிக்குத்தான் அடி நன்றாகப் பெருக்கும். கிளையை ஒடித்து நட்டால் அவ்வளவு அழகு வராது. காய்கள் ஆட்டுக்கொம்புபோல ஜோடியாக வரும். முற்றும்போது நூலால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெடித்து விதை பறந்துவிடும். நாற்றின் மேல் வேண்டிய நிறத்தை ஒட்டுக்கட்டி விற்பனைக்கும் வளர்க்கலாம்.

இன்னொன்று. இதன் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். மாசி, பங்குனியில் கவாத்து செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். வெட்டிய கிளையை ஆடு மேயும் இடத்தில் போடாமல் குழி தோண்டிப் புதையுங்கள். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் தொட்டியை மாடியில் வைப்பது உத்தமம்.